சதுப்பு நிலத்தின் எல்லை எந்த சர்வே நம்பரில் இருக்கிறது?

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் ஃப்ளாட் பார்க்கும் சொந்தபந்தங்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், அந்த நண்பர்களின் மச்சினர்கள் என்று எல்லாரும் எப்படியோ கடைசியில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். மேடவாக்கம் பக்கம் ரொம்ப வருஷமாகக் குடியிருக்கிறேன் என்பது ஒரு காரணம். பத்திரம், பட்டா என்று எது கையில் கிடைத்தாலும் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது இன்னொன்று. கேட்பது எப்போதும் இதுதான்: "சி.எம்.டி.ஏ. அப்ரூவல் இருக்கு, ரெரா நம்பர் இருக்கு, பேங்க் லோன் தர்றேங்குது, அப்புறம் என்ன பிரச்சினை?" (சி.எம்.டி.ஏ. என்பது கட்டட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், ரெரா என்பது வீட்டுத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஆணையம்.)

பிரச்சினையே அதுதான். இது எல்லாமே இருக்கும், ஒன்றுகூடப் போலி இல்லை, ஆனாலும் அந்தக் கட்டடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள் நிற்கலாம். இதைப் போனில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அரசாங்கமே கையெழுத்துப் போட்டிருக்கே" என்கிறார்கள். அதனால் ஒருமுறை விரிவாக எழுதி வைத்துவிடலாம், இனி லிங்க் அனுப்பினால் போதும் என்று இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலம். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் என்று தென்சென்னையில் உள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததுக்கு வழிந்து, அது நிரம்பி அதற்கடுத்ததுக்கு வழிந்து, கடைசியில் எல்லாத் தண்ணீரும் வந்து சேரும் தாழ்வான இடம்தான் பள்ளிக்கரணை. இங்கே வந்த தண்ணீர் வெளியே போக முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. அதன் வழியே பழைய மகாபலிபுரம் சாலைக்கு அடியில் புகுந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். உள்ளே வர அத்தனை வழி, வெளியே போக ஒரே ஒரு குறுகிய வாய். அதனால் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தங்கித்தான் ஆகும், தங்குவதற்காகத்தான் அந்த இடமே. அப்படித் தங்கி மெல்ல வடிவதால்தான் அங்கே கோரையும் சம்பும் வளர்கின்றன, நாமக்கோழியும் தாழைக்கோழியும் குஞ்சு பொரிக்கின்றன. தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வரும்போது பூநாரைகள் இறங்குகின்றன. ரேடியல் ரோட்டில் காலையில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு நீள லென்ஸோடு நிற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் பின்னால் பெருங்குடி குப்பைமேடு, முன்னால் நீளவால் இலைக்கோழி, தலைக்கு மேல் விமானம். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு காட்சி கிடைக்குமா தெரியவில்லை.

2022-இல் இதற்கு ராம்சார் தகுதி, அதாவது முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரும் சர்வதேச அங்கீகாரம், கிடைத்தது. பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். தமிழ்நாட்டில் இப்போது இப்படி 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன, நாட்டிலேயே அதிகம். அமைச்சர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண் இது, சொல்லிக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் அந்த 1,248-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சுமார் 700 ஹெக்டேர் வனத்துறை கையில் காப்புக் காடாக இருக்கிறது. அதற்கு எல்லை உண்டு, பலகை உண்டு, பல இடங்களில் வேலி உண்டு. மீதி 550 ஹெக்டேர்? அது வரைபடத்தில் இருக்கிறது. எந்தெந்த கிராமத்தில் எந்தெந்த சர்வே நம்பர் அதற்குள் வருகிறது, அதில் எது அரசு நிலம், எது பட்டா நிலம் என்று களத்தில் இறங்கி அளக்கும் வேலை, தகுதி கிடைத்து மூன்று வருஷம் கழித்தும் நடந்துகொண்டே இருப்பதாக அரசே 2025-இல் சொன்னது.

இந்த 550-இல்தான் எல்லாக் கூத்தும். ஏனென்றால் நம் ஊரில் எந்த அலுவலகமும் ஹெக்டேரில் வேலை செய்வதில்லை. வி.ஏ.ஓ.வுக்குத் தெரிந்தது சர்வே நம்பர். சர்வேயருக்குத் தெரிந்தது அந்த நம்பரின் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது அளவுகளோடு கூடிய நில வரைபடம். சார்பதிவாளர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும் சர்வே நம்பர்தான். சி.எம்.டி.ஏ. மேஜையில் கிடக்கும் ஃபைலின் முதல் பக்கத்தில் இருப்பதும் அதுவே. ராம்சார் வரைபடம் ஒரு பக்கம், சர்வே நம்பர்கள் இன்னொரு பக்கம், இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து அரசிதழில் ஒரு பட்டியல் போடாதவரை, அந்த வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் மனசாட்சி உறுத்தாமலே கையெழுத்துப் போடலாம். "என் பதிவேட்டில் இது பட்டா நிலம்." உண்மைதான். "என் மாஸ்டர் பிளானில் இது குடியிருப்புப் பகுதி." அதுவும் உண்மையாக இருக்கலாம். "முப்பது வருஷ வில்லங்கம் பார்த்தோம், தாய்ப் பத்திரம் சுத்தம்." பேங்க் வக்கீலும் பொய் சொல்லவில்லை. பேங்க் பார்ப்பது நிலம் யாருடையது என்பதை மட்டும். அதில் கார்த்திகை மாதம் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று வக்கீல் ஒப்பீனியனில் எழுத இடமே கிடையாது.

லஞ்சம் வாங்கினார்கள், அதனால்தான் எல்லாம் நடந்தது என்று பேசி முடித்துவிடுவது நமக்குச் சுலபம். வாங்காமல் இருந்திருப்பார்கள் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாருமே வாங்காமல் இருந்திருந்தாலும் இந்தக் கட்டடங்கள் வந்திருக்கும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பருக்குத் துணையாக ஒரு புராஜெக்ட்டின் சேல்ஸ் ஆபீஸுக்குப் போயிருந்தேன். ஏசி, காபி, கண்ணாடிப் பெட்டிக்குள் மாடல். மாடலில் கட்டடத்தைச் சுற்றி நீல நிறத்தில் பளபளவென்று பெயின்ட். "சார், ஈஸ்ட் ஃபேசிங் எல்லாம் மார்ஷ் வியூ, சதுர அடிக்குக் கொஞ்சம் எக்ஸ்ட்ரா வரும். ஆனா ஒண்ணு சார், எதிர்ல எந்தக் காலத்துலயும் பில்டிங் வராது, கியாரண்டி" என்றார் அந்தப் பையன். நண்பர் என்னைப் பார்த்தார். எதிரில் கட்டடம் வராது என்றால் இது எப்படி வந்தது என்று நான் கேட்டேன். பையன் சிரித்துக்கொண்டே மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் ஒரு தடிமனான ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். எல்லா என்.ஓ.சி.யும் அதில் ஒழுங்காகக் கோர்த்து வைத்திருந்தார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது, அதாவது படிக்கப் படிக்கத் தூக்கம் கெட்டது, நீர்வளத் துறை என்.ஓ.சி. தாழ்வான இடத்தில் கட்டுவதென்றால் வெள்ளம் தேங்குமா என்று பார்த்து அவர்கள் ஒரு தடையின்மைச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று பெரும்பாலும் "கூடாது" என்று சொல்வதில்லை. இந்த இடத்தில் உச்ச வெள்ள மட்டம் இவ்வளவு, ஆகவே மனையை மண் கொட்டி இவ்வளவு உயர்த்திக்கொள், சுற்றி இந்த அகலத்தில் வடிகால் விடு என்று நிபந்தனை போடும். பில்டரும் நிபந்தனையை மீறவில்லை, லாரி லாரியாக மண் அடித்து ஆள் உயரத்துக்கு மேடாக்கிவிட்டார். முன்பு அந்த இடத்தில் நின்ற தண்ணீர் எங்கே போகும்? பக்கத்தில் மேடாக்காத தெருவுக்குப் போகும். அங்கே இருப்பவர் அடுத்த வருஷம் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவார், இல்லை தரைதளத்தை இடித்துவிட்டு வாகனம் நிறுத்த விட்டுவிடுவார், தண்ணீர் அதற்கடுத்த தெருவுக்குப் போகும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் படகில் ஆட்களை ஏற்றிய தெருக்களை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் புதுக் கட்டடத்துக்குள் தண்ணீர் போகவில்லை. அதன் காம்பவுண்டை ஒட்டியிருந்த பழைய காலனி மூழ்கியது. ஒரு கட்டடத்தைக் காப்பாற்றும் நிபந்தனை, சட்டப்படி சரியான நிபந்தனை, இன்னொரு தெருவை மூழ்கடிக்கிறது. இதைத் தட்டிக்கேட்கும் கட்டம் அந்த ஃபைலில் எங்கேயும் இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2006 அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்புக்கு மேல் போனால் மாநில அளவிலான ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும். 20,000-க்குக் கொஞ்சம் கீழே நிறுத்திக்கொண்டால் அந்தப் படியே ஏற வேண்டாம். சரி, மேலே போகும் பெரிய திட்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு அனல்மின் நிலையமோ சாயப்பட்டறைப் பேட்டையோ வந்தால் கலெக்டர் தலைமையில் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், நாலு பேர் மைக்கைப் பிடித்துக் கத்துவார்கள், அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அடுக்குமாடித் திட்டங்களுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. அதே அறிவிக்கை விலக்கு கொடுத்திருக்கிறது. ஆக, ஆயிரம் குடும்பம் குடிவரப்போகும் ஒரு திட்டத்தைப் பற்றி, அதன் பக்கத்தில் முப்பது வருஷமாக மழையில் நனைந்துகொண்டிருக்கிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. ஊராட்சி கிராம சபையில் தீர்மானம் போடலாம், போட்டிருக்கிறார்கள், நான் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். தெருவிளக்கு, குடிநீர் லாரி, நாய்த் தொல்லை எல்லாம் முடிந்து நாலாவதாக "சதுப்பு நிலப் பகுதியில் புதிய கட்டுமானம் வேண்டாம்" என்று ஒரு வரி வாசித்தார்கள், கை தூக்கினோம், சமோசா வந்தது. அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன பலம் என்று செயலரிடம் கேட்டேன். "மேல அனுப்பி வைப்போம் சார்" என்றார். பாவம், அவர் மேல் கோபமே வரவில்லை.

ஈரநிலத்துக்கென்று தனி விதிகளே இருக்கின்றன. ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், 2017. ராம்சார் தலம் என்றால் அந்த விதி தானாகவே பொருந்தும். நான்காவது விதி தெளிவாகத்தான் இருக்கிறது: ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது, கடந்த 10 ஆண்டுகளில் பதிவான சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர எந்த நிரந்தரக் கட்டுமானமும் கூடாது. விதி வந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்தப் பத்து ஆண்டுக்குள் 2015 வெள்ளமும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். அந்த மட்டத்தை அளந்து எங்கேயாவது கல் நட்டிருக்கிறார்களா என்று ரேடியல் ரோட்டிலிருந்து பெரும்பாக்கம் வரைக்கும் தேடிப் பாருங்கள், என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அதற்கும் மேலே "தாக்கப் பகுதி" என்று ஒன்று: ஈரநிலத்தின் நீர்ப்பிடிப்பில் எந்தப் பகுதியில் கட்டினால் ஈரநிலம் கெடுமோ அந்தப் பகுதியையும் வரையறுத்து, அங்கே என்ன செய்யலாம், என்ன கூடாது என்று பட்டியல் போட வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். இதே விதிகள் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளைத் தங்கள் வரம்புக்குள் எடுத்துக்கொள்வதில்லை. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அந்த வகை. பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏரிகளை இந்த விதி காக்காது, வந்து சேரும் இடத்தை மட்டும் காக்கும். டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஏரி என்பது ஈரநிலம் என்று படவில்லை போலிருக்கிறது.

தனியார் பில்டர்களை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை. குப்பையைக் கொண்டுபோய்ச் சதுப்பில் கொட்ட ஆரம்பித்தது மாநகராட்சி. கடல்சார் ஆராய்ச்சி நிறுவனமும் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும் சதுப்பில்தான் வளாகம் போட்டன. பறக்கும் ரயில் அதன் மேல் போகிறது, ரேடியல் ரோடு அதை இரண்டாக அறுத்துக்கொண்டு போகிறது, நகருக்குள் இருந்து பெயர்த்தெடுத்த ஏழைக் குடும்பங்களை வாரியக் குடியிருப்பு கட்டிப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் அரசு. கழுவெளி (சதுப்பு நிலத்துக்குப் பழைய பெயர்) என்றால் காலி இடம் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. இந்த நினைப்போடு இருபது வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டி, கணக்கெடுத்து, அறிக்கை எழுதி, இந்த நிலத்தில் மிச்சமிருந்ததைக் காப்புக் காடாக்கும் வரை விடாமல் நின்றவர்களில் ஒருவர் ஜெயஸ்ரீ வெங்கடேசன். 2025-இல் ராம்சார் அமைப்பின் விருது அவருக்குக் கிடைத்தது. நம் சேனல்களில் அது எத்தனை நிமிஷம் ஓடியது என்று கேட்காதீர்கள்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க உள்ள ஈரநிலங்களைக் களத்தில் சரிபார்த்து எல்லை வரையறுக்கும் வேலையை மூன்று மாதத்தில் முடியுங்கள் என்றது. மூன்று மாதம் போயிற்று, மேலும் போயிற்று. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு பொறுமை இழந்து, ஆய்வு முடிந்து தாக்கப் பகுதி வரையறுக்கப்படும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எந்தக் கட்டுமான அனுமதியும் தராதே என்று உத்தரவு போட்டது. அடுத்த மாதம், பெரும்பாக்கத்தில் ஏற்கெனவே எல்லா அனுமதியும் வாங்கியிருந்த ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஒரு கிலோமீட்டர் என்றால் சின்ன விஷயமில்லை. வேளச்சேரியின் ஒரு பகுதி, பெருங்குடி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஏற்கெனவே லட்சக்கணக்கில் ஜனங்கள் குடியிருக்கும் இடம் எல்லாம் அதற்குள் வருகிறது. எங்கள் பக்கம் ஒருவர், பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், அரை கிரவுண்டு வாங்கிப் போட்டு இருபது வருஷம் காத்திருந்து, பி.எஃப். பணம் வந்ததும் பெண்ணுக்காக மாடி எடுக்கலாம் என்று பிளான் போட்டுக் கொடுத்தார். ஃபைல் நின்றுவிட்டது. "மேஸ்திரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன் சார், கம்பி வந்து இறங்கிடுச்சு. சுத்தி எல்லாரும் கட்டி முடிச்சாச்சு, நான் ஒருத்தன் கட்டினாத்தான் பறவை செத்துடுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். ஆனால் தீர்ப்பாயத்தின் உத்தரவும் நியாயம்தான் என்பதே என் கட்சி. எல்லைக் கோட்டை நேரத்தோடு போட்டிருந்தால் இந்த மனிதரை வெளியே விட்டுவிட்டு, தடுக்க வேண்டியதை மட்டும் தடுத்திருக்கலாம். கோடு போடாததால், திட்டமிடுகிறவர்கள் பேனாவால் செய்ய வேண்டியதை நீதிமன்றம் கோடரியால் செய்ய வேண்டியதாயிற்று. அதில் சின்னவர்கள் கைதான் முதலில் வெட்டுப்படும். பெரியவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கிறது.

இப்போது கேரளாவுக்கு வருகிறேன். தண்ணீர்க் கரையில் கட்டிவிட்டு அப்புறம் சட்டம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு மரடைவிட நல்ல பாடம் கிடையாது. கொச்சிக்குப் பக்கத்தில், காயல் ஓரத்தில், 2006-இல் அப்போது ஊராட்சியாக இருந்த மரடு, கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தைக் கேட்காமலே அடுக்குமாடிகளுக்குக் கட்டட அனுமதி தந்தது. மறு வருஷமே அரசு விழித்துக்கொண்டு அனுமதியை ரத்து செய்யச் சொன்னது. ஊராட்சி நோட்டீஸ் அனுப்பியது, பில்டர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தங்களுக்குச் சாதகமாக உத்தரவு வாங்கினார்கள், வழக்கு ஒரு பக்கம் நடக்க நடக்க கட்டடம் இன்னொரு பக்கம் ஏறியது, ஜனங்கள் வாங்கிக் குடிவந்தார்கள். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடி என்றது. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஃப்ளாட்டுகள். ஆளுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு. பழைய ஊராட்சிச் செயலரும் ஒரு பில்டரும் கைதானார்கள். 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களையும் வெடி வைத்துத் தகர்த்ததை நாம் டி.வி.யில் வாயைப் பிளந்து பார்த்தோம். (அதில் ஒரு வளாகத்துக்கு வெடி வைத்தது நம் சென்னைக் கம்பெனி. அதையும் சிலர் பெருமையாக ஷேர் செய்தார்கள்.)

இடித்ததால் காயலுக்கு என்ன கிடைத்தது? பல்லாயிரம் டன் கான்கிரீட் குப்பை.  தெருவுக்கு வந்தது வாங்கியவர்கள். நீதிமன்றத் தடை விழுந்த புராஜெக்ட்டில் முன்பணம் கட்டிவிட்டு "இடிக்க மாட்டாங்க இல்ல?" என்று கேட்கிறவர்களுக்கு நான் மரடைத்தான் காட்டுவேன். எல்லா வழக்கிலும் இடித்துவிடுவதில்லை, அபராதம் போட்டு விட்டுவிட்ட வழக்கும் அதே கொச்சியில் உண்டு. ஆனால் எது உங்கள் தலையில் விழும் என்று கையெழுத்துப் போடும்போது யாருக்கும் தெரியாது.

மரடைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அதே கேரளாவில் 2008-இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்தச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும், நகராட்சியிலும் உள்ளூர் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைவர், வேளாண் அலுவலர் அமைப்பாளர், கிராம அலுவலர், கூடவே அந்த ஊர் விவசாயிகள் மூன்று பேர். அந்தக் குழு செய்ய வேண்டிய முதல் வேலை, தங்கள் எல்லைக்குள் எது வயல், எது ஈரநிலம் என்று நடந்து பார்த்து, செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, சர்வே நம்பர் வாரியாக ஒரு பட்டியல் தயாரிப்பது. டேட்டா பேங்க் என்கிறார்கள். மலையாளி நண்பர்களிடம் நிலம் வாங்குவது பற்றிப் பேசிப் பாருங்கள், பத்திரம் பற்றிக் கேட்பதற்கு முன்னால் "டேட்டா பேங்கில் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். வீட்டுத் தரகருக்கும் தெரியும், பேங்க் மேனேஜருக்கும் தெரியும். சட்டம் வாயில் புகுந்து புழங்குகிறது.

அங்கே எல்லாம் பொன் என்று சொல்லவில்லை. பல ஊராட்சிகள் பட்டியலை வெளியிடவே வருஷக்கணக்கில் இழுத்தடித்தன. வெளியிட்ட பிறகு, "என் நிலம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, நீக்குங்கள்" என்று ஐந்தாம் படிவத்தில் மனு கொடுக்கலாம். உண்மையிலேயே தவறாகச் சேர்ந்த தென்னந்தோப்பும் அப்படி வெளியே வருகிறது, தவறே இல்லாமல் சேர்ந்த வயலும் அதே கதவு வழியாக நைஸாக வெளியே வருகிறது. 2018 திருத்தத்தில், பட்டியலில் இல்லாத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி திறந்தார்கள், ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் மனுக்கள் மலையாகக் குவிந்தன. எல்லாம் சரி. ஆனால் அங்கே சண்டை ஒரு குறிப்பிட்ட சர்வே நம்பரைப் பற்றி நடக்கிறது. யார் அதைப் பட்டியலில் சேர்த்தார்கள், யார் நீக்கினார்கள், எந்தத் தேதியில் என்று காகிதம் இருக்கிறது. இங்கே சண்டை ஒரு வரைபடத்தின் மங்கலான ஓரத்தைப் பற்றி நடக்கிறது, அதில் யாருடைய கையெழுத்தும் இல்லை.

நமக்கு இது புதிதாக ராக்கெட் விட வேண்டிய வேலையும் இல்லை. கோயில் நிலம், வக்ஃப் நிலம் என்றால் சார்பதிவாளர் ஆபீஸில் என்ன நடக்கிறது? அந்த சர்வே நம்பரை அடித்ததுமே கம்ப்யூட்டரில் முட்டும், பத்திரம் பதிவாகாது. அதே கம்ப்யூட்டர், அதே நம்பர்கள். ராம்சார் எல்லைக்குள் வரும் நிலத்துக்கும், 50 மீட்டர் பட்டைக்கும், தாக்கப் பகுதிக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டுவிட்டால் போதும். பதிவைத் தடுக்கக்கூட வேண்டாம், நிலம் வைத்திருப்பவர் விற்றுக்கொள்ளட்டும். ஆனால் வில்லங்கச் சான்றில் "இந்த சர்வே நம்பர் பள்ளிக்கரணை சதுப்பு நில எல்லைக்குள் வருகிறது" என்று ஒரு வரி அச்சாகி வந்தால், பேங்க் தானாகவே கடன் தராது. பேங்க் கடன் தராத இடத்தில் எந்த பில்டரும் அஸ்திவாரம் தோண்ட மாட்டார். தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் எதுவும் செய்ய முடியாததை அந்த ஒரு வரி செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் கஷ்டமான பகுதி ஒன்று இருக்கிறது. அந்த எல்லைக்குள் பல தலைமுறையாக நிஜப் பட்டா வைத்திருப்பவர்கள். அவர்களிடம் "இனி நீ கட்ட முடியாது" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அரசு வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லை மாற்று நிலம் தர வேண்டும், இல்லை சாலை விரிவாக்கத்துக்கு இடம் விட்டவர்களுக்குக் கொடுப்பதுபோல் வேறிடத்தில் பயன்படுத்திக்கொள்ளக் கட்டட உரிமை தர வேண்டும். செலவு ஆகும். வெள்ள நிவாரணமாக வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் என்று 2023-இல் கொடுத்தோமே, அந்தக் கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அவ்வளவு பெரிய செலவாகத் தெரியாது.

அதுவரைக்கும், எனக்குப் போன் போடுகிறவர்கள் இதைச் செய்யுங்கள். சேல்ஸ் ஆபீஸில் சர்வே நம்பர்களைக் கேளுங்கள், பிரௌச்சரில் இருக்காது, எழுதி வாங்குங்கள். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் விண்ணப்பம் கிடக்கும், அதில் பக்கத்து நீர்நிலை எவ்வளவு தூரம் என்று பில்டரே எழுதிக் கொடுத்திருக்கும் இடத்தைப் பாருங்கள், பிறகு கூகுள் மேப்பில் நீங்களே அளந்து பாருங்கள். நீர்வளத் துறை என்.ஓ.சி.யில் எத்தனை அடி மண் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள், மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். அப்புறம் நவம்பர் கடைசியில் ஒருநாள் மழை விட்ட மறுநாள் நேரில் போய், பக்கத்துத் தெருவில் டீக்கடை வைத்திருப்பவரிடம் 2015-இல் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

நான் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் கிராமங்களின் பழைய அ-பதிவேட்டு (சர்வே நம்பர் வாரியான கிராம நிலப் பதிவேடு) நகல்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், கழுவெளி என்று எழுதியிருந்த எந்தெந்த நம்பர்கள் எந்த வருஷத்தில் வேறு பெயருக்கு மாறின என்று வரிசைப்படுத்துவதற்காக. உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால், அசலை அனுப்ப வேண்டாம், போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும். சர்வே நம்பரும் தேதியும் மட்டும் தெளிவாகத் தெரியும்படி இருக்கட்டும்.